பாவில் இருக்கிறது கலை

சிலியின் பழங்குடிகளான மாப்புச்சே மக்களின் கம்பளி நெசவைப் பாராட்டுகிறவர்கள் முதலில் பேசுவது இயற்கைச் சாயத்தைப் பற்றித்தான். மஞ்சிட்டியின் குடும்பத்தைச் சேர்ந்த ரெல்புன் வேரிலிருந்து எடுக்கும் சிவப்பு அழகுதான். ஆனால் அந்தக் கலையின் வலு நிறத்தில் இல்லை, பாவில் இருக்கிறது.

தெற்குச் சிலியில் பெண்கள் நெய்யும் விட்ரால் என்ற தறி, நிமிர்த்தி நிறுத்திய ஒரு மரச்சட்டம். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் நெருங்கி நின்று, குறுக்கே ஓடும் ஊடையை மறைத்துவிடும். ஆகவே கோலம் பாவிலேயே பிறக்க வேண்டும். த்ராரிகான் முறையில் பாவின் சில பகுதிகளை இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள்; கட்டிய இடம் வெள்ளையாகவே நிற்கும். நெய்யத் தொடங்கும் முன்பே கோலம் முடிவாகிவிடுகிறது. கட்டு நெகிழ்ந்தால் பிறகு திருத்த வழியில்லை. லோங்கோ எனப்படும் தலைவர்கள் அணிந்த போன்ச்சோ என்ற மேலாடைகளில் படிக்கட்டுச் சிலுவைகள் வரிசை வரிசையாக இறங்குவது இப்படித்தான். சிலுவைகளின் ஓரங்களில் சாயம் லேசாகக் கசிந்திருக்கும். அந்தக் கசிவு இல்லாவிட்டால் அவை வெறும் வடிவியல்.

மாறாத தூய மரபு என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை. செம்மறியாடே ஸ்பானியர்களோடு வந்தது; அதற்கு முன் லாமா இன விலங்குகளின் மயிர். அவுரி நீலம் வணிகத்தில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அனிலின் சாயங்களும் வந்தன, நெசவாளிகள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். சாயம் வெளுத்தால் குறை சொல்லலாம். தொழிற்சாலையில் பிறந்ததற்காகக் குறை சொல்வது வாங்குகிறவரின் ஏக்கம் மட்டுமே.

உண்மையான சரிவு அளவில் நேர்கிறது. போன்ச்சோ தோளில் வழிந்து மடியும்போதுதான் அந்தச் சிலுவை வரிசைக்குத் தாளம். சுற்றுலாக் கடைக்கான திண்டு உறையில் ஒரே சிலுவை தனியாக உட்கார்ந்திருக்கிறது, முத்திரை குத்தியதுபோல. கூடவே ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒற்றைப் பொருள் அச்சிட்ட சீட்டு வேறு! குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் விளக்கங்கள் அதில் அகராதியாகச் சுருங்கிவிடுகின்றன.

இதற்கு நெசவாளியைக் குற்றம் சொல்ல முடியாது. 1883-க்குள் சிலி அரசு மாப்புச்சேக்களின் நிலமான அரௌகானியாவைக் கைப்பற்றி, மக்களைச் சிறு நிலத்துண்டுகளில் ஒதுக்கியது. மேய்ச்சல் குறைந்தது, மந்தையும் குறைந்தது. கதிரில் நூற்கும் வேலைதான் நெசவைவிட அதிக நாள் பிடிக்கும். விலை பேசும்போது அந்த நாட்களை எண்ணுகிறவர் குறைவு. பெரிய போன்ச்சோவுக்கு வாங்குகிறவர் கிடைக்கும் வரை அவள் காத்திருக்க முடியாது; திண்டு உறை அந்த வாரமே விற்றுவிடும்.