ஆடாத பைக்

யமஹா டிடபிள்யூ200 அமெரிக்காவில் 1987 முதல் விற்பனையில் இருக்கும் பைக். எடை சுமார் 126 கிலோ. தடித்த டயர், தாழ்ந்த சீட், எந்த மண் பாதையிலும் போகும். நெடுஞ்சாலையில்தான் மூச்சு வாங்கும். அதனால் பிக்கப்பில் ஏற்றி யூட்டா மாநிலத்து மோவாப் வரை கொண்டுபோய் இறக்குகிறார்கள். அங்கே ஒயிட் ரிம் பாதை சுமார் 160 கிலோமீட்டர். மோட்டார் பைக்குகளில் சாலைப் பதிவுள்ளவற்றுக்கு மட்டுமே அங்கே அனுமதி.

பைக்கைப் பிக்கப்பில் கட்டும் விதத்தில்தான் எனக்கு மயக்கம். முன் சக்கரத்தைப் பிக்கப் தொட்டியின் முன்சுவரில் முட்டவிட்டு, ஹேண்டில்பாரின் இருபுறமும் துணிவளையம் மாட்டி, ராட்செட் பட்டையை இடம் கொஞ்சம், வலம் கொஞ்சம் என மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஃபோர்க் பாதி அமுங்கியதும் கை நிற்க வேண்டும். முழுக்க அமுக்கினால் சீலுக்குக் கேடு வரலாம். போதாவிட்டால் ஒரு குலுக்கலில் கொக்கி கழன்றுவிடும். சைடு ஸ்டாண்டை மடக்கி, கியரில் போட்டு, பின்பக்கத்துக்கும் பட்டை போட்டபின் பிடித்து ஆட்டிப் பாருங்கள்: பைக் ஆடாது, பிக்கப் ஆடும். என்ன அழகான உறுதி!

பிக்கப் இல்லாதவர்கள் காரின் பின்கொக்கியில் பைக் தாங்கி பொருத்துகிறார்கள். அப்போது பைக்கின் எடையோடு தாங்கியின் எடையும் சேரும். பாரம் பின் அச்சுக்கு வெகுதூரம் தள்ளித் தொங்குவதால் காரின் முன்பக்கம் லேசாகும். கொக்கியின் பார வரம்பைப் பார்க்காமல் இறங்கவே கூடாது.

புறப்பட்ட சில கிலோமீட்டரில் ஓரங்கட்டி, தளர்ந்த பட்டையை இன்னொரு பல் இறுக்குகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.