கணக்கில் பெய்யும் பனி

ஒரு வாத்தியம் வாசித்ததையே இன்னொன்று சற்றுப் பின்னால் வந்து தொடர்ந்து வாசித்தால் அது கேனன். ஐரோப்பிய இசையின் கறாரான வடிவங்களில் ஒன்று. அந்தக் கறாரை வைத்தே பனி பொழியச் செய்தவர் டென்மார்க்கின் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஆப்ரஹாம்சென். 2008இல் முழுமையாக அரங்கேறிய அவருடைய ‘ஷ்னே’, பனி என்ற பெயர் கொண்ட பத்து கேனன்களின் கோவை.

வாசிப்பவர்கள் ஒன்பது பேர். ஒரு பக்கம் பியானோவும் மூன்று தந்தி வாத்தியங்களும். மறுபக்கம் இன்னொரு பியானோவும் மூன்று காற்று வாத்தியங்களும். நடுவே தாளக்காரர் காகிதத்தை மேசைமேல் தேய்க்கிறார். கேனன்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன. முதல் ஜோடி சாவகாசமாக நீள்கிறது. போகப்போகக் குறுகி, கடைசி ஜோடி தொடங்கியதும் தீர்ந்துவிடுகிறது. இடையிடையே கலைஞர்கள் நம் கண்முன்னாலேயே சுருதியை இம்மியளவு மாற்றிக்கொள்கிறார்கள். பியானோக்கள் மட்டும் பழைய சுருதியிலேயே நிற்கும். அந்த உரசலில்தான் எனக்குக் குளிர் உறைக்கிறது. வெறும் மெல்லிய ஒலிகளால் இந்தக் குளிர் வந்திருக்காது.

ஆப்ரஹாம்சென் 1952இல் கோபன்ஹேகன் அருகே பிறந்தவர். இசையமைப்பாளர்கள் பெர் நோர்கோரிடம் படித்தார், லிகெட்டியிடமும் பயின்றார். இருபது வயதுகளிலேயே பெயர் வாங்கியவர், 1990களில் ஏறக்குறையப் பத்தாண்டு புதிதாக எதுவும் எழுதவில்லை என்றே சொல்லலாம். அந்தக் காலத்தின் தொடக்கத்தில் பாக்கின் கேனன்களைச் சிறு குழுவுக்காக மாற்றி எழுதினார், திரும்பத் திரும்ப வாசிக்கும்படி. ‘ஷ்னே’யின் வித்து அங்கே விழுந்தது.

2013இல் பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவும் பாடகி பார்பரா ஹானிகனும் அரங்கேற்றிய ‘லெட் மீ டெல் யூ’வில் இன்னொரு கறார். ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஒஃபீலியா பேசும் சொற்கள் மட்டுமே பாடலில் உண்டு. எழுத்தாளர் பால் கிரிஃபித்ஸ் கோத்தவை. ஒரே அசையை ஒரே சுரத்தில் விட்டுவிட்டுத் துடிக்கவைக்கிறார் பாடகி. சொல் கிடைக்காமல் தேடும் பெண்ணின் தவிப்பு முழுவதும் அந்தத் துடிப்பில் இருக்கிறது.

என் மனசுக்கு மிக நெருக்கமானது, பியானோ கலைஞர் அலெக்சாந்த்ர் தரோவுக்காக 2015இல் முடித்த ‘லெஃப்ட், அலோன்’: இடக்கைக்கு மட்டுமான பியானோ கான்செர்ட்டோ. ஆப்ரஹாம்செனின் வலக்கை பிறவியிலேயே முழுதாக இயங்காது. இளமையில் அவர் பயின்ற ஹார்னின் வால்வுகளை இடக்கையால்தான் அழுத்த வேண்டும். பியானோவையும் விடாமல் வாசித்தார். போரில் வலக்கை இழந்த ஒருவருக்காகப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கான்செர்ட்டோ புகழ்பெற்றது. அதில் ஒரு கை இரண்டு கைகளின் வேலையைச் செய்து அசத்தும். ஆப்ரஹாம்செனின் பியானோவோ ஒற்றைக் கையாகவே ஒலிக்கிறது. இழந்ததை ஈடுகட்டும் அவசரம் அதில் இல்லை; அந்தக் கையை ஆயுள் முழுக்க அறிந்தவர் எழுதியது அது.