கன்னடத் தத்துவப் பதமும் ராக் இசைக்குழுவும்: ‘அந்தரக்னி’ இசைத்தொகுப்பின் மொழித்தேர்வு

பாடப்பெறும் பாட்டை இலக்கியப் பனுவலாகக் கொள்வதில் தமிழாய்வுலகம் தயங்கியதில்லை. பரிபாடலுக்கு இசை வகுத்தோர் பெயர்களும் பண்களின் பெயர்களும் பாடல்களுடனேயே நமக்குக் கிடைத்துள்ளன. தேவாரத்தின் முதல் ஏழு திருமுறைகளில் பெரும்பகுதி பண் அடைவாகவே தொகுக்கப்பட்டுள்ளது. ஆயினும் இத்தயக்கமின்மை ஒலிப்பதிவுக் கருவி தோன்றும் வரையில்தான். அதன்பின் வந்த பாட்டைத் திரைப்பாடல், நாட்டுப்புறப் பாடல் என்னும் இரு பெட்டிகளுள் ஒன்றில் இட்டு மூடிவிடுகிறோம். இவ்விரண்டிலும் அடங்காத தற்சார்பு இசைக்குழுக்களின் பாடல்கள் இலக்கியத் துறைகளின் பார்வைக்குப் பெரும்பாலும் வருவதில்லை. மைசூருவில் முளைத்த ஓர் இசைக்குழுவின் முதல் இசைத்தொகுப்பைப் பனுவல் மரபின் ஒரு கண்ணியாகக் கொண்டு ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

1990களின் பிற்பகுதியில் ரகு தீட்சித்தும் வயலின் கலைஞர் எச்.என். பாஸ்கரும் மைசூருவில் ‘அந்தரக்னி’ என்னும் குழுவைத் தொடங்கினர். உள்ளே எரியும் தீ என்பது அப்பெயரின் பொருள். பாஸ்கர், மைசூருவின் புகழ்பெற்ற வயலின் ஆசிரியர் எச்.கே. நரசிம்மமூர்த்தியின் மகன், சென்னை சபா மேடைகளில் பக்கவாத்தியக் கலைஞராகத் தமிழ் இரசிகர்களுக்கு நன்கு அறிமுகமானவர். ரகு தீட்சித்தோ நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், பரதநாட்டியம் பயின்றவர், கிட்டாரைத் தாமே முயன்று கற்றவர். சிலகாலம் பெல்ஜியத்தில் பணியாற்றியபோது அங்குள்ள வானொலியில் தம் பாடல்கள் ஒலித்ததே தம்மை முழுநேர இசைக்குத் திருப்பியது என அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். பின்னர் அந்தரக்னி கலைந்தது. பெங்களூருவில் ‘தி ரகு தீட்சித் பிராஜெக்ட்’ என்னும் பெயரில் புதிய குழு உருப்பெற்றது. பல்வேறு கலைஞர்கள் வந்து சேர்ந்து விலகும் திறந்த அமைப்பாக அது இருந்தமையால் ‘பிராஜெக்ட்’ என்னும் சொல் பொருத்தமாகவே அமைந்தது.

இசைத்தட்டு நிறுவனங்கள் பல ஆண்டுகள் இவர்களை ஏற்கவில்லை. இவ்விடத்தில் மைசூருவின் பழைய செய்தியொன்று நினைவுகூரத்தக்கது. மைசூர் அரசர் ஜெயசாமராஜேந்திர உடையார் 1940களின் பிற்பகுதியில் தம் பொருளைக் கொடுத்து இலண்டனில் மெட்னர் என்னும் உருசிய இசையமைப்பாளரின் படைப்புகளை ஒலிப்பதிவு செய்வித்தார். அந்நகரத்து இளைஞர்களுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் அத்தகைய புரவலர் வாய்க்கவில்லை. இறுதியில் மும்பைத் திரையிசை இரட்டையர் விஷால்-சேகர் தொடங்கிய கவுண்டர் கல்ச்சர் ரெக்கார்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் வாயிலாக 2008ஆம் ஆண்டு முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. ‘அந்தரக்னி – தி ரகு தீட்சித் பிராஜெக்ட்’ என்பது அதன் தலைப்பு. கலைந்த குழுவின் பெயரும் இருக்கும் குழுவின் பெயரும் ஒரே அட்டையில் நிற்கின்றன. நூலின் பாயிரம் போல இத்தலைப்பு குழுவின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறது.

இனி மொழித்தேர்வுக்கு வருவோம். இத்தொகுப்பில் இந்தி, ஆங்கிலம், கன்னடம் ஆகிய மும்மொழிப் பாடல்களும் உள்ளன. மைசூருவிலிருந்து வந்த பெண்ணைப் பாடும் ‘மைசூர் சே ஆயீ’ இந்தியில் உள்ளது. காதலை நேர்படக் கூறும் ‘நோ மேன் வில் எவர் லவ் யூ லைக் ஐ டூ’ ஆங்கிலத்தில் உள்ளது. கன்னடப் பாடல்களான ‘குடுகுடிய சேதி நோடோ’, ‘சோருதிஹுது மனெய மாளிகி’ ஆகிய இரண்டும் குழுவினர் எழுதியவையல்ல. இரண்டும் சந்த சிசுநாள ஷரீஃபரின் (1819–1889) தத்துவப் பதங்கள். புதியன சொல்ல இந்தியும் ஆங்கிலமும், பழையன பாடக் கன்னடம் என்னும் பகுப்பு இங்குத் தெளிவாகத் தெரிகிறது. தம் ஊரைப் பாடுவதற்குக்கூட அவ்வூர் மொழி கைக்கொள்ளப்படவில்லை. இத்தொகுப்பின் வலிமையும் குறையும் இப்பகுப்பிலேயே உள்ளன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஷரீஃபர் இன்றைய ஹாவேரி மாவட்டத்துச் சிசுவினஹாளத்தில் இசுலாமியக் குடும்பத்தில் பிறந்தவர். கோவிந்த பட்டர் என்னும் அந்தணரைக் குருவாகக் கொண்டவர். தமிழ் வாசகர்க்குக் குணங்குடி மஸ்தான் சாகிபு உடனே நினைவுக்கு வருவார். சூஃபி நெறியையும் சித்தர் மரபையும் ஒருங்கே தழுவிய நிலையிலும் எளிய மக்கள் வழக்கைக் கையாண்ட திறத்திலும் இருவரும் ஒப்பிடத்தக்கவர்கள். ஷரீஃபரின் பதங்கள் ஏக்தாரி மீட்டும் பஜனைக் குழுக்களால் வாய்மொழியாகக் காக்கப்பட்டன. சுகம சங்கீதக் கலைஞர் சி. அஸ்வத் அவற்றை ஒலிநாடாக்களின் வழி வீடுதோறும் கொண்டுசேர்த்தார். அவரது இசையில் டி.எஸ். நாகாபரணா இயக்கிய ‘சந்த சிசுநாள ஷரீஃப’ (1990) திரைப்படம் அப்பரவலை மேலும் விரிவாக்கியது. பஜனை, ஒலிநாடா, திரைப்படம் என்னும் இவ்வரிசையில் 2008இன் ராக் ஒலிப்பதிவு அடுத்த படியாகும். ஏட்டுப் பிரதிகளுக்கிடையே பாடவேறுபாடு காண்பது போலவே இவ்வொலி வடிவங்களுக்கிடையேயும் காணலாம். இங்கு வேறுபடுவது சொல்லைக் காட்டிலும் நடை, அழுத்தம், பல்லவி திரும்பும் முறை ஆகியனவே.

‘குடுகுடி’ என்றவுடன் தமிழர்க்குக் குடுகுடுப்பை தோன்றக்கூடும். இங்கு அது நீர்ப்புகைக் குழலான உக்காவைக் குறிக்கிறது. குடுகுடியை இழுத்துப் பார் என அழைக்கும் பாடல், உடலையும் மனத்தையும் புகைக்கருவியின் உறுப்புகளாக உருவகித்து, தீக்குணங்களை எரித்துவிடும் அகப்பயிற்சியைப் பேசுகிறது. புறப்பொருள் தூண்டில், அகப்பொருள் மீன். பஜனைக் கூடத்தில் பல்லவியைக் குழுவினர் திரும்பத் திரும்பப் பாடுவர். வேண்டிய இடத்தில் குரு நிறுத்தி விளக்கம் கூறுவார். ராக் இசையிலும் பல்லவி திரும்புகிறது; கூட்டம் சேர்ந்து பாடுகிறது. நிறுத்தம் மட்டும் இல்லை. ஆட்டத்திற்கிசைந்த வேகத்தில் தூண்டில் மட்டுமே நீரின்மேல் மிதக்கிறது. நம் சித்தர்களுள் பாம்பாட்டியும் குதம்பையும் பல்லவியில் விளிக்கப்படும் சொல்லாலேயே பெயர் பெற்றனர் என்பதை நோக்க, இது ராக் இசை மட்டும் செய்த வினை அன்று என்பதும் புலப்படும். பல்லவி எங்கும் பொருளை விழுங்க வல்லது.

‘சோருதிஹுது’ இதனின் வேறுபட்டது. அறியாமையால் வீட்டின் கூரை ஒழுகுகிறது, ஏறிச் செப்பனிட ஆளில்லை என்பது பாடலின் கரு. இவ்வுருவகத்தில் புறப்பொருள் தன்னளவிலேயே துயரமுடையது. மழைக்காலத்தில் ஒழுகும் கூரையின்கீழ் இருந்தவர்க்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. ஆகவே கிட்டாரும் வயலினும் சேர்ந்தபோதும் பாடலின் அகப்பொருள் சிதையவில்லை. தனிக்குரலின் தவிப்பு அதற்குத் துணையே ஆகிறது. தொகுப்பின் சிறந்த பாடல் இதுவே எனத் துணிந்து கூறலாம். ஒரே புலவர், ஒரே குழு, ஒரே தொகுப்பு. ஆயினும் ஒன்றில் உருவகம் கரைகிறது, மற்றொன்றில் நிலைக்கிறது. ‘ராக் இசை பழம்பாடலைக் கெடுக்கிறது’ என்னும் பொதுக்கூற்றும் ‘புத்துயிர் அளிக்கிறது’ என்னும் எதிர்க்கூற்றும் ஒருசேரப் பயனற்றவை என்பதற்கு இவ்விரு பாடல்களே போதிய சான்று.

இந்தி மிகுந்தது சந்தையின் கட்டாயம் என்று விடைகூறி அமையலாம். வெளியீட்டு நிறுவனம் மும்பையைச் சார்ந்தது என்பதும் உண்மையே. ஆனால் அதே 2008ஆம் ஆண்டில் கேரளத்தின் ‘அவியல்’ குழு மலையாளத்திலேயே தன் முதல் ராக் தொகுப்பை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே வெளிவந்த ‘சைக்கோ’ என்னும் கன்னடத் திரைப்படத்திற்கு இசையமைத்தவரும் ரகு தீட்சித்தே. அங்குப் புதிய கன்னட வரிகளுக்கு அவர் மெட்டமைத்தார். மாதேசுவரனைப் பாடும் பாட்டொன்று பெரும்புகழும் பெற்றது. கட்டுப்பாடுகள் மிக்கதெனக் கருதப்படும் திரைப்படத்தில் புதிய கன்னடத்திற்கு இடமிருந்தது. தன்னுரிமையே உயிர் எனக் கொள்ளும் தற்சார்புத் தொகுப்பில் அதற்கு இடமில்லை. சந்தை என்னும் ஒற்றை விடை இம்முரணை விளக்கப் போதாது.

இக்குழு கன்னடத்தை முன்னோர் குரலாகவே கேட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும். சென்னையில் 2018 சனவரியில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவோடு ஒப்பிடின் இது விளங்கும். பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் தென்மாவின் இசையில் உருவான அக்குழு, கானாவையும் ராப்பையும் ராக்கையும் இணைத்தபோது பாடகர்கள் தங்கள் தெருத்தமிழிலேயே இன்றைய வாழ்வைப் பாடினர். அங்குத் தாய்மொழி வழக்காடும் மொழி. ‘அந்தரக்னி’யில் அது வழிபடும் மொழி. முன்னதில் மொழி பாடுவோர் கையில் உள்ளது. பின்னதில் பாடுவோர் மொழியின்முன் நிற்கின்றனர்.

2013இல் வெளிவந்த இரண்டாம் தொகுப்பான ‘ஜக் சங்கா’விலும் ஷரீஃபர் உள்ளார். உலகக் கவலையைப் பேசும் ‘லோகத காளஜி’ அதில் இடம்பெற்ற பாடல். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் குழு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவிலும் பிபிசியின் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியிலும் பாடியிருந்தது. கன்னடம் ஒரு சொல்லும் அறியாத அவைகள் அதனைக் கேட்டுவிட்ட பின்னரும், கன்னடத்தில் பாட எழுந்தபோது குழு மீண்டும் சிசுநாளத்து முதியவரிடமே சென்றது.