ஆளைக் கண்டுகொண்டோம், மருந்தை இன்னும் இல்லை

வாய்க்குள் தோன்றும் வெண்படலங்களில் பெரும்பாலானவை புற்றாவதில்லை; சில ஆகிவிடுகின்றன. எது மாறும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. வெட்டி எடுத்தாலும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. வாய்ப்புற்றைச் சுற்றி, பார்வைக்கு நலமாகத் தெரியும் இடமும் பழுதுபட்டிருக்கும் என்று 1953இலேயே ஆய்வாளர் ஸ்லாட்டரின் குழுவினர் காட்டிவிட்டார்கள். அப்படியானால் வாய் முழுவதையும் மருந்தால் திருத்தலாமே என்ற எண்ணம் நியாயமானதுதான்.

தொடக்க கால முயற்சி ஒன்று நம்பிக்கை தந்தது. 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஐசோடிரெடினாயின் எடுத்தவர்களில் 67 விழுக்காட்டினருக்குப் படலம் வெகுவாகச் சுருங்கியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 விழுக்காட்டினருக்கே. ஆனால் மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று மாதங்களில், குணம் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் படலம் திரும்பிவிட்டது. தோல் உரிதல், உதட்டு வெடிப்பு போன்ற தொல்லைகள் வேறு.

அடுத்த தலைமுறை கூர்மையாக யோசித்தது. எல்லோருக்கும் கொடுக்காமல், குரோமோசோமின் குறிப்பிட்ட பகுதிகளை இழந்த திசு உள்ளவர்களை மட்டும் தேர்ந்து எர்லோடினிப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. தேர்வு பலித்தது: மூன்றாண்டுகள் வாய்ப்புற்று இல்லாமல் இருந்தவர்கள், இழப்பு உள்ளோரில் 74 விழுக்காடு, இல்லாதோரில் 87. மருந்து பலிக்கவில்லை: எர்லோடினிப் பிரிவில் 70, போலி மாத்திரைப் பிரிவில் 74. அந்த மருந்து தாக்கும் ஈ.ஜி.எஃப்.ஆர் புரதத்தின் மரபணு மிகுந்திருந்தவர்களுக்கும் பயனில்லை. ஆபத்தைக் காட்டும் அடையாளம் ஆபத்தின் காரணமாகவும் இருக்க வேண்டியதில்லை என்பது இதில் தெளிவாயிற்று.

மருந்தால் தடுக்கும் முறைக்கு இன்னொரு பெரிய பலவீனமும் உண்டு. தடுப்பு மருந்தை விழுங்குபவர் இன்னும் நோயாளி ஆகாதவர். பலருக்கு நோய் வரவே வராது. புற்றுநோயாளி பொறுத்துக்கொள்ளும் பக்கவிளைவை அவர் ஏன் பொறுக்க வேண்டும்? இப்போது நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் நிவோலுமாப் முயலப்படுகிறது. 2023இல் வெளியான ஆய்வில் 33 பேரில் 12 பேருக்குப் படலம் குறைந்தது. 9 பேருக்குப் புற்று வந்தது. ஒப்பிட வேறு பிரிவு இல்லாததால், தடுத்தது என்று சொல்ல இடமில்லை. படலம் சுருங்குவதையே வெற்றியாக எண்ணும் பழைய மயக்கம் இங்கேயும் தொடரலாம்.

எளிய வழி இதைவிட உறுதியாக நிற்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்த ஆய்வில், புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் அறிவித்தார்கள்.

ஆகவே மரபணுச் சோதனையை இன்றைக்கு மருந்துச் சீட்டாக்க வேண்டாம். யாரை அடிக்கடி அழைத்துப் பரிசோதிப்பது, யாரிடம் புகையிலையை விடச் சொல்லி விடாமல் வற்புறுத்துவது என்று தீர்மானிக்க அது உதவும். மருந்து தன் பயனை இனிமேல்தான் நிரூபிக்க வேண்டும்.