302ஆம் தொகுதி, பக்கம் 123

ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் வழிகாட்டிகள் பெரும்பாலும் வடிவத்தைப் பற்றியே பேசுகின்றன. பெயருக்குப் பிறகு காற்புள்ளியா முற்றுப்புள்ளியா, ஆண்டு அடைப்புக்குறிக்கு உள்ளேயா வெளியேயா, இதழின் பெயர் சாய்வெழுத்தில் வருமா. இன்றைக்கு இதையெல்லாம் ஸோட்டெரோ மாதிரி ஒரு மென்பொருளே பார்த்துக்கொள்ளும். நான் இங்கே எடுத்துக்கொள்வது வடிவத்தில் ஒரு குறையும் சொல்லமுடியாத ஒரு மேற்கோளை. போர்ட்டர், ஜிக், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின், 1980, தொகுதி 302, பக்கம் 123. எல்லாமே சரி. நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் அடியில் இது இருக்கிறது.

முதலில் மூலத்தைப் படித்துவிடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. அது ஆய்வுக் கட்டுரையே இல்லை. 1980 ஜனவரி 10 இதழில் வந்த ஆசிரியருக்குக் கடிதம், மொத்தமே ஐந்து வாக்கியம். ஜேன் போர்ட்டரும் ஹெர்ஷல் ஜிக்கும் பாஸ்டனில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளைக் கண்காணிக்கும் ஒரு திட்டத்தில் இருந்தவர்கள். தங்களிடம் இருந்த 39,946 உள்நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவர்களில் 11,882 பேருக்கு ஓபியம் வகை வலிநிவாரணி ஒருமுறையாவது தரப்பட்டிருந்தது. முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில், புதிதாக அடிமையானதாக ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் 4 பேர். அதில் தீவிரமானது ஒன்றே ஒன்று. ஆகவே, மருத்துவமனைகளில் இம்மருந்துகள் பரவலாகப் பயன்பட்டாலும், அடிமைப் பழக்கம் இல்லாத நோயாளிகளிடம் அது உருவாவது அரிது என்று முடிக்கிறார்கள்.

இந்த முடிவுக்கு இரண்டு வேலிகள். ஒன்று, மருத்துவமனை. மற்றது, முன்பழக்கம் இல்லாமை. எத்தனை நாள் கொடுத்தார்கள், எவ்வளவு அளவு, வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. அது அதைப் பற்றிப் பேசவும் இல்லை. ஆனால் தலைப்பைப் பாருங்கள்: இம்மருந்து பெற்ற நோயாளிகளிடம் அடிமைத்தனம் அரிது. இரண்டு வேலியும் தலைப்பிலேயே காணாமல் போய்விட்டன. தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு வேலி இருந்ததே தெரிந்திருக்காது.

2017இல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சிலர் ஒரு காரியம் செய்தார்கள். இந்தக் கடிதத்தைச் சுட்டிய 608 எழுத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் அதை எதற்காகச் சுட்டியது என்று வகைப்படுத்தினார்கள். 439 எழுத்துகள் இந்த வகை மருந்துகளால் அடிமைத்தனம் வருவது அரிது என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டியிருந்தன. 491 எழுத்துகள் அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதைச் சொல்லவே இல்லை. அதே காலத்தில் அதே இதழில் வந்த வேறு சில கடிதங்களை எடுத்துப் பார்த்தால், அவை பெற்ற மேற்கோள்களின் இடைநிலை எண்ணிக்கை வெறும் 11.

வழியில் கடிதத்தின் அந்தஸ்தும் ஏறிக்கொண்டே போனது. 1990இல் சயன்டிஃபிக் அமெரிக்கனில் வந்த கட்டுரைக்கு அது விரிவானதொரு ஆய்வு. 2001இல் டைம் இதழுக்கு அது ஒரு மைல்கல். ஐந்து வாக்கியம் ஐந்து வாக்கியமாகவேதான் இருந்தது. யாரும் பிரிச்சுப் பார்க்கலை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஆச்சரியம், மேற்கோளே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதுதான். பக்கம் 123. 123 முதல் 130 வரை என்று இல்லை, ஒரே ஒரு எண். பெரிய ஆய்வு ஒரு பக்கத்துக்குள் அடங்குமா என்று யாருக்காவது உறுத்தியிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தட்டச்சு செய்த கைகள் எத்தனை!

ஆனால் தட்டச்சு செய்பவர்கள் எதைப் பார்த்துச் செய்கிறார்கள்? சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் இதற்கு எழுத்துப்பிழையை வைத்து விடை தேடினார்கள். 1973இல் வந்த புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரை ஒன்றுக்கு 4301 மேற்கோள்கள். அவற்றில் 196 பிழையானவை. ஆனால் வெவ்வேறு பிழைகள் 45தான், ஒரே பக்க எண் பிழை மட்டும் 78 முறை வந்திருந்தது. 78 பேருக்குத் தனித்தனியாக ஒரே இடத்தில் விரல் தவறுமா? அடுத்தவர் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். நான் படித்த பொறியியல் கல்லூரியில் ப்ராஜெக்ட் அறிக்கையின் சதுர அடைப்புக்குறி எண்களை மட்டும் எண்ணிப் பார்ப்பார்கள். ஏழாவது மேற்கோள் என்ன சொல்கிறது என்று வைவாவில் ஒருவரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலிலும் யாரோ எழுதிய நிரலை முழுக்கப் படிக்காமல்தான் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் அது ஓடியாக வேண்டும். தப்பாக இருந்தால் டெஸ்ட் உடையும், ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். மேற்கோளுக்கு அப்படி ஓடிப் பார்க்கும் நேரமே கிடையாது. தப்பான மேற்கோள் கட்டுரைக்குள் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

இந்த மேற்கோள் ஓடியது வேறு இடத்தில். 1996இல் பர்டியூ நிறுவனம் ஆக்ஸிகான்டினைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடிமையாகும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று மருத்துவர்களிடம் சொல்லத் தன் விற்பனையாளர்களைப் பழக்கியது. மாதக்கணக்கில் வீட்டிலேயே மாத்திரை விழுங்குபவர்களுக்கு, உள்நோயாளிகளைப் பற்றிய எண் ஆறுதலாகச் சென்றது. 2007இல் அதனோடு தொடர்புடைய நிறுவனம் ஒன்று மருந்தைப் பற்றித் தவறான தகவல் பரப்பிய குற்றத்தை ஒப்புக்கொண்டது. 1999 முதல் 2019 வரை அமெரிக்காவில், மருத்துவர் எழுதித் தந்ததும் கள்ளச் சந்தையில் வாங்கியதுமாக, ஓபியாய்டு மிகைநுகர்வில் இறந்தவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

ஒரு கடிதம் இத்தனை பேரைக் கொன்றது என்று எழுதினால் நானும் அதே தவறைச் செய்தவன் ஆவேன். விற்பனை இருந்தது, சட்ட ஓட்டைகள் இருந்தன, பிற்பாடு ஹெராயினும் ஃபென்டனைலும் வந்தன. மேற்கோள் காட்டிய மருத்துவர்கள் எல்லோரும் கெட்டவர்களும் அல்ல. புற்றுநோயில் துடிப்பவருக்குக்கூட மருந்து தரத் தயங்கிய காலம் அது. அந்தத் தயக்கத்தை உடைக்க அவர்களுக்கு ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. நல்ல நோக்கத்துக்குக் கிடைத்த ஆதாரத்தைத்தான் நாம் கடைசியாகச் சந்தேகிப்போம்.

சான்று என்ற சொல்லுக்குச் சாட்சி என்றும் பொருள். சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இங்கே 37 ஆண்டுகள் பெயரை மட்டும் கூப்பிட்டுவிட்டுத் தீர்ப்பை எழுதினார்கள். தங்கள் கடிதம் இப்படிப் பயன்பட்டதைப் பற்றி ஜிக் பின்னாளில் வெளிப்படையாகவே வருந்தினார்.

2017இல் அந்த இதழ் கடிதத்தின் இணையப் பக்கத்தில் ஒரு குறிப்பைச் சேர்த்தது: அடிமைத்தனம் அரிது என்பதற்கு இந்தக் கடிதம் ஆராயாமல் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது, வாசகர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். நல்ல குறிப்புதான். ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் மட்டும்தான் அது படும்.