பெத்தகமவும் யாலக் காடும்

லெனாட் வுல்ஃப் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். 'காட்டினுள் ஒரு கிராமம்' எனப் பொருள்படும் பெயருடன் 1913இல் அவர் வெளியிட்ட ஆங்கில நாவல், பெத்தகம என்னும் கற்பனைச் சிற்றூரின் அழிவைக் கூறுவது. இறுதியில் ஊரைக் காடு மூடிவிடுகின்றது. இம்முடிவு கொண்டு, இயற்கையிடம் மனிதன் தோற்ற கதையென இதனை உரைத்தல் எளிது. அவ்வாறு உரைப்போர் நாவலின் நடுப்பகுதியை மறந்தோராவர்.

சிலிந்து என்னும் வேட்டுவனின் குடும்பத்தைக் கெடுத்தது காடன்று. சேனை வெட்டும் அனுமதிச் சீட்டு ஊர்த்தலைவன் பபேஹாமியின் கையில் இருந்தது. விளைவு கடன்கொடுத்தோனிடம் போயிற்று. சிலிந்துவின் மகள் புஞ்சி மெனிக்காவை அடையும் பொருட்டு அவள் கணவன் பாபுன்மீது பொய்த் திருட்டு வழக்குப் புனையப்பட்டது. அவன் சிறையிலே மாண்டான். நீதிமன்றத்தில் நிகழ்வது யாதென்றே சிலிந்துவுக்கு விளங்கவில்லை. நாவலின் மிகச் சிறந்த பகுதி இதுவே. அத்தகைய நீதவான் ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்பளித்த ஒருவர் எழுதியது என்பதும் நோக்கற்பாலது.

ஆயினும் ஆசிரியர் காட்டுக்கு ஒரு வஞ்ச நெஞ்சைக் கற்பித்துவிடுகின்றார். சீட்டும் கடனும் வழக்கும் செய்த தீமை, அவ்வருணனையின் இருளில் மறைந்து போகின்றது. இது சிறு குறையன்று.

அம்மாவட்டத்து யாலக் காடு 1900இல் ஒதுக்கிடமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. சிறுத்தை காணச் செல்வோர் அதனை மனிதர் கால்படாத வனமென எண்ணுவர். சித்துல்பவ்வக் குகைப்பள்ளியும் தூர்ந்த குளங்களும் அதனை மறுக்கும். உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமம் செல்லும் அடியார்தம் கால்வழியும் இக்காட்டினூடேதான் செல்கின்றது. (நாவலிலும் சிலிந்து குடும்பத்தார் பேரகம என்னும் தலத்துக்கு யாத்திரை போகின்றனர், கதிர்காமத்தின் சாயலை அதிற் காணலாம்.)

கல்லிற் குடைந்த பள்ளியைக் காப்பதற்குத் தொல்பொருட்டிணைக்களம் உண்டு. மண்சுவரும் கிடுகுக் கூரையுமான சேனைக் குடியிருப்போ சில மாரிக்குள் மண்ணாகிவிடும்; அகழ்வோர்க்கு அதில் அகப்படுவது சிறிது. யாலவின் மனித வரலாற்றை எழுதப் புகுவோர், கல்வெட்டுப் படிகளோடு இந்நாவலையும் மேசைமீது வைத்தல் வேண்டும். வைக்கும்போது காட்டைப் பழிக்கும் பக்கங்களைத் தள்ளி, அனுமதிச் சீட்டைப் பற்றிய பக்கங்களைக் கூர்ந்து படித்தல் வேண்டும். எல்லாரும் நீங்கிய ஊரிலே புஞ்சி மெனிக்கா தனித்திருக்கும் கடைசிப் பக்கங்களையும் அப்பொழுது வேறுவிதமாகவே வாசிக்க நேரும்.