வேதநாயகர் கண்ட நடைமுறைச் சமயம்

சமய உண்மைகளைப் பாடுவதினும் அவற்றின்படி ஒழுகுவது அரிது என்பதை எல்லாச் சமயத்தாரும் ஒப்புவர். கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்றவுடன் நம் நினைவுக்கு முதற்கண் வருவன இரு பெருங்காப்பியங்கள். வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி ஒன்று, எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) மற்றொன்று. இவற்றின் கவிநயத்தைப் பேசிய கட்டுரைகள் பல. ஆனால் நாம் ஈண்டு ஆராயப் புகுவது, இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதத் தொடங்கிய ஒரு நீதிமன்ற அலுவலரின் நூல்களையாகும். அவர்தாம் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826 - 1889).

தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர், தொழிலால் தச்சர். எனினும் காப்பிய மரபின் பெருமிதம் அவரைச் சூழ்ந்து நிற்பதால், உளியும் மரமும் கொண்டு அன்றாடம் உழைத்த கைகள் நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படுகின்றன. ஜான் பனியனின் நூலைத் தழுவிய இரட்சணிய யாத்திரிகத்திலோ, தலைவன் மனைவி மக்களையும் ஊரையும் விட்டு முத்திநகர் நோக்கி நடக்கிறான். ஆன்ம யாத்திரைக்கு அது சிறந்த உருவகமே. ஆயினும் மறுநாட் காலையில் அலுவலகம் செல்ல வேண்டியவன், ஊரைவிட்டு ஓட இயலாதவன், என் செய்வான்? அவனுக்கு விடை கூறிய எழுத்தாளராக வேதநாயகரை நாம் காண்கிறோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த அவர், மாவட்ட நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணி தொடங்கினார். பின்னர் மொழிபெயர்ப்பாளராகி, அதன்பின் முன்சீப்பாக உயர்ந்தார். தரங்கம்பாடியிலும் சீர்காழியிலும் மாயூரத்திலும் நீதி வழங்கினார். கோப்புகளுக்கிடையே வாழ்ந்தவர் ஒருவரின் எழுத்து என்பதை நாம் மறவாமல் அவர் நூல்களைப் படித்தல் வேண்டும்.

அவர் 1859இல் வெளியிட்ட நீதிநூலில் கடவுள் வாழ்த்து உண்டு. பெற்றோர், உடன்பிறந்தார், கணவன் மனைவியர் கடமைகள் உண்டு. பொய்யும் புறங்கூறலும் கடியப்படுகின்றன. இவை நம் பழைய நீதிநூல்களிலும் உள்ளவையே. ஆனால் கைக்கூலிக்கெனத் தனி அதிகாரம் வகுத்ததில்தான் நூலாசிரியரின் தொழில் தெரிகிறது. வழக்காடுவோர் வாயிலில் காத்து நிற்க, மேசையின் அடியில் கை நீளும் காட்சியை அறிந்தவரின் பாட்டு அது. வானுலகைப் பற்றிய அச்சத்தைக் காட்டிலும், தன்முன் நிற்கும் ஏழையைப் பற்றிய இரக்கமே அதில் விஞ்சி நிற்கிறது.

அயலானை நேசிக்க வேண்டும் என்பது இயேசுபிரானின் போதனை. அயலான் யாவன் என்ற வினாவிற்கு அவர் கூறிய நல்ல சமாரியன் உவமையை எல்லாரும் அறிவர். முன்சீப்பின் அயலான் யாவன்? தன் வழக்கின் தீர்ப்பு என்னவென்று தானே படித்தறிய இயலாத குடியானவன்தான். வேதநாயகர் 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் தமிழாக்கினார். சட்ட நூலொன்றைச் சமயத் தொண்டென்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் ஆங்கிலம் அறியாத மக்களுக்கு நீதியின் கதவைச் சிறிதளவேனும் திறந்துவிட்ட அந்நூலை, அவருடைய தோத்திரப் பாடல்களுக்கு ஒப்பான அன்புப்பணியாகவே நாம் கருதுகிறோம். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழ் வழங்க வேண்டும் என்று பிரதாப முதலியார் சரித்திரத்தில் அவர் வாதிடுவதும் இந்த அன்பின் தொடர்ச்சியே.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். அவர் பேசியது பொதுநீதிதானே, அதனைக் கிறித்தவ நெறி என்று எவ்வாறு கூறுவது என்பர் சிலர். 1879இல் வெளிவந்த அவருடைய நாவலில் தலைவன் பிரதாபனும் தலைவி ஞானாம்பாளும் கிறித்தவர் அல்லர். 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளோ, பெயரிலேயே எல்லாச் சமயத்தாரையும் அழைப்பது. ஆனால் திருவருள் மாலை, தேவமாதா அந்தாதி முதலிய நூல்களில் தம் சமயப் பற்றை ஒளிவின்றிப் பாடியவரும் அவரே. ஆகவே ஏனைய நூல்களில் அவர் கொண்ட அடக்கம், நம்பிக்கையின் குறைவால் வந்ததன்று. உணவில் கரைந்த உப்பு கண்ணுக்குத் தெரியாது; நாவுக்குத் தெரியும். சமயத்தின் பெயரைச் சொல்லாமலே அதன் சாரத்தை அனைவர்க்கும் பரிமாற அவர் முனைந்தார் என்பதே எம் முடிபு.

இனி, குறைகளையும் கூறுதல் திறனாய்வின் கடன். தமிழின் முதல் நாவல் என்னும் பெருமைக்குரிய பிரதாப முதலியார் சரித்திரத்தில் நன்மை செய்தவர் எல்லாரும் இறுதியில் நலம் பெறுகின்றனர். ஞானாம்பாள் ஆணுடையில் அரசாளும் வாய்ப்பும் பெறுகிறாள். படிக்கச் சுவையாக இருப்பினும், நற்செய்தி நூல்கள் அத்தகைய உறுதி எதனையும் இவ்வுலக வாழ்விற்கு அளிக்கவில்லை. நேர்மையாளன் பதவி உயர்வு பெறுவான் என்று அவை கூறவில்லை, சிலுவையையே காட்டுகின்றன. மேலும் நாவலின் தலைமை மாந்தர் செல்வக் குடும்பத்தினர். இருப்பவர் கொடுப்பதையே நாம் பெரிதும் காண்கிறோம். இல்லாதவன் தன் இல்லாமையிலிருந்து கொடுக்கும் அறம், ஏழைக் கைம்பெண்ணின் இரு காசுகள் போன்றது, அங்குப் போதிய இடம் பெறவில்லை. இடையிடையே கதை நின்று உபதேசம் நீள்வதும் இன்றைய வாசகர்க்குச் சலிப்பூட்டும்.

ஆயினும் கதை நிரப்பாத இடத்தை ஆசிரியரின் வாழ்க்கை நிரப்பியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். அப்போது வேதநாயகர் முன்சீப் பதவியில் இல்லை. தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டிகள் அமைத்துப் பசித்தோர்க்கு ஊட்டினார். கஞ்சி வாங்க வந்தவர்களின் சாதியையோ சமயத்தையோ கருதி அது வழங்கப்படவில்லை. அக்கொடையைக் கண்டு மனமுருகி அவரைப் புகழ்ந்து கீர்த்தனம் பாடியவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார்! சிவபக்தரின் நாவிலிருந்து கத்தோலிக்கர் ஒருவர்க்குப் பிறந்த அப்பாராட்டு, எந்த மறைப்பரப்பு அறிக்கையும் தர இயலாத சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரோடு அவருக்கு நட்புண்டு. தம் சமயத்தில் ஊன்றி நின்றதனாலேயே பிற சமயத்தாரோடு அச்சமின்றிப் பழக அவரால் முடிந்தது.

மௌலா அலியில் வாழும் நமக்கு இந்த வரலாறு அயலானதன்று. குன்றின்மேல் தர்காவும், கீழே கோயில்களும் தேவாலயங்களும் அமைந்த ஊர் இது. ரயில்வேப் பணியும் தொழிற்சாலை வேலையும் தேடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கு வேரூன்றியுள்ளன. ஞாயிறன்று தேவாலயம் செல்வோர் திங்களன்று அலுவலகத்திலும் பட்டறையிலும் அமர்கின்றனர். வேதநாயகரின் வினா அங்குதான் காத்திருக்கிறது. ஓய்வூதிய விண்ணப்பம் எழுதத் தெரியாமல் ஒரு கைம்பெண் மேசைமுன் நிற்கும்போது, நாளை வா என்பதா, அமருங்கள் அம்மா என்பதா? புதிதாக வந்து மொழி தெரியாமல் திகைக்கும் குடும்பத்திற்கு ரேஷன் அட்டைப் படிவத்தை நிரப்பித் தருவதற்கு எந்தப் பெருஞ்செல்வமும் வேண்டியதில்லை. அரை மணி நேரம் போதும். நாவலில் நாம் தேடிக் காணாத ஏழையின் கொடை இதுவே.

நம் குழந்தைகளுள் பலர் தமிழைப் பள்ளியில் பயிலும் வாய்ப்பற்றவர். அவர்க்கு நீதிநூலின் கைக்கூலி அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டலாம். மொழியும் வளரும், தந்தை அலுவலகத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்று மறுநாள் அவர்கள் கேட்கவும் கூடும். அக்கேள்விக்குத் தயங்காது விடை கூறும் வீடுகள் நம் குடியிருப்புகளில் பெருகுமானால், 2026இல் வரும் வேதநாயகரின் இருநூறாம் பிறந்தநாளுக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை எனலாம்.